ஃபிரிட்ஜில் இருக்கும் ரத்தம் யாருடையது?

உசிலம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து 25 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

டி.எம்.எல்.டி. படித்துவிட்டு ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கிறார். ‘இவளுக்கு அவன்தான்’ என்று சின்ன வயதிலிருந்தே பேசி வைத்த அத்தை மகனோடு தை மாதம் கல்யாணம். அண்ணன் கட்டியிருப்பது தாய்மாமன் மகளை. அவர்களுடைய முதல் பையன் போன வருடம் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது இறந்துபோனான். ‘சளி முத்திப்போச்சு’ என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள். அதற்கு முன்பே எடுத்த மரபணுப் பரிசோதனையின் ரிப்போர்ட்டை அண்ணன் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். மதினி அதை செல்போனில் படம் எடுத்து வைத்திருந்து, இவருக்கு மட்டும் காட்டியிருக்கிறார். எஸ்.எம்.ஏ. முதல் வகை என்று அதில் இருக்கிறது. முதுகுத்தண்டில் உள்ள நரம்பு செல்கள் அழிந்து தசைகள் வலுவிழந்துபோகும் நோய். இவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றதும் அண்ணன், ‘வீட்டுல ரெண்டு பொண்ணு நிக்குது, வெளிய தெரிஞ்சா ஒருத்தன் வாசப்படி ஏறமாட்டான்’ என்று கருப்பசாமி கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்.

இந்த நேரத்தில் மச்சானுக்குக் காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்று தட்டணு எண்ணிக்கை பார்க்க இவருடைய லேபுக்கே வந்திருக்கிறார். ரத்தம் எடுத்தவரும் இவர்தான். “டெஸ்ட் முடிஞ்சும் மிச்ச ரத்தத்தைத் தூக்கிப்போட மனசு வரல. ஊதா மூடி போட்ட குழாய் ஃபிரிட்ஜ்லதான் இருக்கு. ஸ்டிக்கர்ல அவரு பேரு, பக்கத்துல என் கையெழுத்து. இதையே கேரியர் டெஸ்டுக்கு அனுப்பிட்டா அவருக்கும் சங்கடமில்ல, எனக்கும் நிம்மதி. தப்பா டாக்டர்?” என்று கேட்கிறார். (கேரியர் என்றால் தனக்கு நோய் இல்லாமல், பழுதான ஜீனை மட்டும் சுமப்பவர்.) பிளஸ் டூ படிக்கும் தங்கைக்கும் சேர்த்து எடுத்துவிடலாமா, எங்கள் குழந்தைக்கும் நாலில் ஒன்று இப்படித்தான் ஆகுமா, கல்யாணத்தை நிறுத்திவிடுவதுதான் சரியா என்றும் கேள்விகள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இடுக்கி எழுதிய ஒரு வரி: “மதினிக்கு இப்ப நாள் தள்ளிப் போயிருக்கு, ரெண்டு மாசம் இருக்கும்.”

ஓரத்தில் எழுதிய வரி

அம்மா, உங்கள் எட்டுப் பக்கத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்தக் கடைசி வரிதான். உங்கள் கல்யாணம் தையில். அதற்குப் பிறகு குழந்தை எப்போதோ. மதினியின் வயிறு அதுவரை காத்திருக்காது. அதனால் நீங்கள் கேட்காத கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

எஸ்.எம்.ஏ. குழந்தை பிறந்த வீட்டில் அநேகமாக அப்பா, அம்மா இருவருமே கேரியராக இருப்பார்கள். எஸ்.எம்.என்.1 என்ற ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று இல்லாதவர்கள். மிகச் சில வீடுகளில்தான் ஒரு பிரதி குழந்தையிடமே புதிதாகப் பழுதாகியிருக்கும். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு முறை கருத்தரிக்கும்போதும் நாலில் ஒரு வாய்ப்பு. ‘ஒண்ணு போயிடுச்சு, அடுத்த மூணும் நல்லபடியா பிறக்கும்’ என்று உங்கள் அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி வரிசை பிடித்து வராது. நீங்கள் உங்களுக்காகப் பயப்படும் அந்த ‘நாலில் ஒன்று’ இப்போது மதினியின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத்தான் பொருந்தும்.

செய்யக்கூடியது என்ன? கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியில் வளரும் திசுவிலிருந்து ஒரு துளி எடுத்துப் பார்க்கலாம். அது தவறிவிட்டால் 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். இரண்டிலும் கரு கலையும் அபாயம் கொஞ்சம் உண்டு. தேர்ந்த கையில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அதற்கு முன்னால் இறந்த பையனின் ரிப்போர்ட் டாக்டர் கையில் இருக்க வேண்டும், அண்ணனும் மதினியும் கேரியர்தானா என்று உறுதியாக வேண்டும். ரிப்போர்ட் சேலைகளுக்கு அடியிலேயே இருந்தால் ஸ்கேனில் குழந்தை கை காலை ஆட்டுகிறது, எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். முதல் வகை எஸ்.எம்.ஏ. சாதாரண ஸ்கேனில் தெரிவதில்லை.

பரிசோதனையில் பாதிப்பு இருப்பதாக வந்தால் என்ன செய்வது என்பதை நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம். கருவைத் தொடர்வதா வேண்டாமா என்பது மதினியின் முடிவு. 18 வயது முடிந்த பெண் என்றால் கருக்கலைப்புச் சட்டம் அவர் சம்மதத்தை மட்டும்தான் கேட்கிறது. கணவர் கையெழுத்தோ மாமியார் கையெழுத்தோ சட்டப்படி தேவையில்லை. 20 வாரத்துக்குள் என்றால் ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம் தாண்டினாலும் கருவுக்குக் கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால் 2021 திருத்தத்தில் அதற்கு வழி இருக்கிறது. தொடர்கிறேன் என்று அவர் சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். இந்த நோய்க்கு இன்று மருந்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரே தவணையில் செலுத்தும் ஜீன் மருந்து 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; நம் ரூபாயில் 16 கோடி அளவு. அதற்காக ஊர் ஊராகப் பணம் திரட்டிய செய்திகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தினமும் வாய்வழி கொடுக்கும் மருந்தும் உண்டு. அரிய நோய்களுக்கான மத்திய அரசின் 2021 கொள்கைப்படி ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி கேட்கலாம். எந்த மருந்தானாலும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். கருவைத் தொடர்பவர்களுக்கும் முன்கூட்டித் தெரிந்திருப்பது உதவும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. கர்ப்பகாலப் பரிசோதனை என்றதும் உங்கள் வீட்டில் யாராவது, ‘அப்படியே ஆணா பொண்ணான்னும் கேட்டுட்டு வா’ என்பார்கள். அதைக் கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். நம் பக்கத்தின் பெயர் எண்பதுகளில் எதற்காகப் பத்திரிகைகளில் அடிபட்டது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஊதா மூடிக் குழாய்

சரி, ஃபிரிட்ஜுக்கு வருவோம். தப்பா என்று கேட்டீர்கள். ஆமாம், தப்பு.

மச்சான் கை நீட்டியது தட்டணு எண்ணிக்கைக்கு. அந்தச் சம்மதம் அந்த எண் கைக்கு வந்ததோடு முடிந்தது. மிச்சமிருப்பது ரத்தம்தானே என்று தோன்றலாம். அதே ரத்தத்தில் அவருடைய அப்பா வழி, அம்மா வழிச் சமாச்சாரம் எல்லாம் இருக்கிறது. நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் சமாச்சாரமும் இருக்கிறது. அவரே இன்னும் தெரிந்துகொள்ளாதது. தெரிந்துகொள்ள விருப்பமா என்று அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தை விடுங்கள், நடைமுறைக்கே வாருங்கள். ஜீன் பரிசோதனைக்கு வெளி லேபுக்கு மாதிரி அனுப்பினால் கூடவே சம்மதப் படிவம் போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கையெழுத்து போட வேண்டிய கட்டத்தில் யார் கையெழுத்து போடுவது?

ரகசியமாக அனுப்பி, ‘கேரியர்’ என்று முடிவு வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? சொன்னால் ரத்தத்தைத் திருடியதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் கல்யாணத்தை நிறுத்தினால் வேறு ஏதாவது காரணம் ஜோடிக்க வேண்டும். சொல்லாமல் கட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் அவரைப் பற்றி அவருக்கே தெரியாத ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு இருப்பீர்கள். ‘கேரியர் இல்லை’ என்று வந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது. நாளைக்கு வேறொரு நோயாளியின் குழாயைக் கையில் எடுக்கும்போது இதுதான் நினைவுக்கு வரும். இத்தனைக்கும் உங்கள் எழுத்திலேயே நீங்கள் அக்கறையான டெக்னீஷியன் என்று தெரிகிறது. குழாயை முறைப்படி மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பைக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒருவேளை 1998-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கை யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது மருத்துவமனை மூலம் வெளியே தெரிந்து அவர் கல்யாணம் நின்றுபோனது. கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் உடல்நலத்துக்கு ஆபத்து இருப்பதால் ரகசியத்தை வெளியிட்டது தவறில்லை என்றது நீதிமன்றம். அந்த நியாயத்தை இங்கே இழுக்க முடியாது. கேரியராக இருப்பது யாருக்கும் ஒட்டாது. மச்சானால் உங்கள் உடம்புக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அது நோயே இல்லை. இதுபோல ஒற்றைப் பிரதி கெட்டுப்போன ஜீன்கள் நம் ஒவ்வொருவரிடமும் சில இருக்கின்றன, எனக்கும் சேர்த்து.

கணக்கைக் கொஞ்சம் சரிபார்ப்போம்

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே ஒரு தாளில் குடும்பப் படம் வரைந்தேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே முழுக்கக் கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவில் இரட்டைக் கோடு. மதுரையில் இந்த வேலை பார்ப்பவருக்கு இரட்டைக் கோடு போட்டே பேனா தீர்ந்துவிடும்.

படம் முடிந்ததும் நீங்கள் கவனிக்காத ஒன்று தெரிந்தது. மதினி உங்கள் தாய்மாமன் மகள். அவருக்கும் அண்ணனுக்கும் பொதுவாக இருப்பவர்கள் உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா, பாட்டி. ஒரே பழுது இருவரிடமும் இருக்கிறதென்றால் அந்த வழியாக இறங்கி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மச்சானோ உங்கள் அப்பாவின் அக்கா மகன். அப்பா வழி. உங்கள் வீட்டு எஸ்.எம்.ஏ.வுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்.

உங்களைப் பொறுத்தவரை, அண்ணன் கேரியர் என்றால் நீங்களும் கேரியராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பொதுவாக 50 பேரில் ஒருவர் அளவுக்கு எஸ்.எம்.ஏ. கேரியர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் சேர்த்துத் தோராயமாகப் போட்டுப் பார்த்தால், யாருக்கும் எந்த டெஸ்டும் எடுக்காத இன்றைய நிலையில், உங்களுக்கும் மச்சானுக்கும் பிறக்கும் குழந்தைக்கு இந்த நோய் வர 200-இல் ஒன்று. நாலில் ஒன்று இல்லை. சொந்தமே இல்லாத அசல் மாப்பிள்ளையைக் கட்டினாலும் 400-இல் ஒன்று இருக்கத்தான் செய்யும். உங்கள் அப்பாவும் அம்மாவும்கூட ‘ஏதோ ஒரு வகையில சொந்தம்’ என்று எழுதியிருப்பதால் என் கணக்கு கொஞ்சம் ஆடலாம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களில் தாளில் போடும் கணக்கு அவ்வளவுதான் தாங்கும்.

‘சொந்தத்தில் கட்டினால் பிள்ளை இப்படித்தான்’ என்று உங்கள் லேப் தோழி சொன்னதும் முழு உண்மை இல்லை, ‘நாலு தலைமுறையா கட்டுறோம், என்ன ஆயிடுச்சு’ என்று அத்தை சொன்னதும் முழு உண்மை இல்லை. எந்தத் தம்பதிக்கும் நூற்றுக்கு 2, 3 குழந்தைகள் பெரிய பிறவிக் குறையோடு பிறக்கின்றன. அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் அதற்கு மேல் இன்னும் 2, 3 கூடும். தாய்மாமனையே கட்டினால் இன்னும் அதிகம். நூறில் தொண்ணூறுக்கு மேல் குழந்தைகள் நன்றாகப் பிறப்பதால்தான் அத்தை சொல்வது ஊருக்கு உண்மையாகத் தெரிகிறது.

அப்புறம், மதினியை ‘ராசியில்லாதவ’ என்று உங்கள் அம்மா சொல்வதாகவும், கிரகணத்தன்று அவர் வெளியே போனதைச் சொல்லிக்காட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பையனுக்கு ஒரு பிரதி மதினியிடமிருந்தும் ஒரு பிரதி உங்கள் அண்ணனிடமிருந்தும் வந்தது. அண்ணனுடையது, நான் மேலே சொன்ன கணக்குப்படி, பெரும்பாலும் உங்கள் அம்மாவிடமிருந்தே வந்திருக்கும். இதை அம்மாவிடம் பழிக்குப் பழியாகச் சொல்ல வேண்டாம். அவரும் தெரிந்து கொடுக்கவில்லை.

பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். வேறொரு நோய், இதே மாதிரி கேரியர் விஷயம். வார்டு வராந்தாவில் நின்றபடியே, மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, அந்தப் பெண்ணிடம் அவர் ரிப்போர்ட்டைச் சொல்லிவிட்டேன். கணவரின் ரிப்போர்ட் அப்போது இன்னும் வரவில்லை. மாமியார் காதில் விழுந்தது ‘இவளிடம்தான் கோளாறு’ என்பது மட்டும். அடுத்த முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது அப்பாவும் பாட்டியும்தான். அந்தப் பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதிலிருந்து கணவன், மனைவி இருவரின் முடிவும் வந்த பிறகு, இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுகிறேன்.

சத்தியம் எதற்கு, எதற்கு இல்லை

கருப்பசாமி முன்னால் செய்த சத்தியத்தை மீறச் சொல்லி நான் எழுதுவேன் என்று பயந்திருப்பீர்கள். நீங்கள் சத்தியம் செய்தது அண்ணன் வீட்டு ரிப்போர்ட்டை வெளியே சொல்ல மாட்டேன் என்று. உங்கள் சொந்த ரத்தத்தைப் பற்றி யாரும் உங்களிடம் சத்தியம் வாங்கவில்லை. உங்களை நீங்கள் பரிசோதித்துக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம். செலவு சில ஆயிரம். நீங்கள் கேரியர் இல்லை என்று வந்தால் மச்சானின் ரத்தத்தைத் தேட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லாமல் போய்விடுகிறது. ‘பெரும்பாலும்’ என்று ஏன் சொல்கிறேன் என்றால், சிலருக்கு இரண்டு பிரதிகளும் ஒரே குரோமோசோமில் உட்கார்ந்துகொண்டு இன்னொன்று காலியாக இருக்கும். எண்ணிக்கை பார்க்கும் டெஸ்ட் அவர்களை ‘சரி’ என்று சொல்லிவிடும். அரிதுதான். அண்ணன், மதினி முடிவுகளையும் உங்கள் பெற்றோரின் முடிவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்தச் சந்தேகமும் பெரிதும் தீரும்.

கேரியர் என்று வந்தால், தாலி ஏறுவதற்கு முன் மச்சானிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து. “எனக்கு ஒரு டெஸ்ட் எடுத்தேன், இப்படி வந்திருக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கும் இருந்தா மட்டும்தான் நம்ம பிள்ளைக்குச் சிக்கல். நீங்களும் எடுத்துக்கிறீங்களா?” என்று கேட்டால் போதும். அண்ணன் பெயரை எடுக்க வேண்டியதில்லை. அவர் கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்ளலாம், அது வேறு. அதனால்தான் அவரிடம் பேசுவதற்கு முன்னால் மதினியிடமும் அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்கிறேன். அண்ணன் கோபப்படுவார். கோபத்துக்கு அடியில் இருப்பது பிள்ளையை இழந்த வலி. ‘சளி’ என்று அவர் சொன்னதும் முழுப்பொய் இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு இருமக்கூட வலு இருக்காது. கடைசியில் உயிரை எடுப்பது பெரும்பாலும் நிமோனியாதான். பையன் தலை நிற்கவில்லை, அழுகைச் சத்தம் பூனைக்குட்டி மாதிரி இருந்தது, ஆனால் கண் மட்டும் ஆளையே சுற்றிச் சுற்றி வரும் என்று எழுதியிருந்தீர்களே, எந்தக் குழந்தை மருத்துவருக்கும் அது போதும்.

மச்சானும் எடுத்துப் பார்த்து, இருவருமே கேரியர் என்று வந்தாலும் கல்யாணம் நின்றே ஆக வேண்டும் என்பதில்லை. நிறுத்த நினைத்தால் அதிலும் குற்றமில்லை. கட்டிக்கொண்டால், மதினிக்குச் சொன்ன அதே கர்ப்பகாலப் பரிசோதனை உங்களுக்கும் உண்டு. செயற்கைக் கருத்தரிப்பில் கருவைச் சோதித்து, பாதிப்பில்லாததை வைக்கும் முறையும் இருக்கிறது. சில லட்சம் ஆகும், ஒரே முயற்சியில் தங்கும் என்ற உறுதியும் இல்லை.

தங்கைக்கு இப்போது வேண்டாம். அவருக்கு 18 ஆகட்டும், அவரே கேட்கட்டும். கேரியர் டெஸ்டால் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இன்றைக்கு ஒரு வைத்தியமும் மாறப்போவதில்லை. ஒரு பெயர்தான் ஒட்டிக்கொள்ளும்.

மதினியைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே மதுரைக்கு வாருங்கள். கரு மருத்துவம் பார்ப்பவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். மரபணு ஆலோசனைக்கு வேலூர் சி.எம்.சி.யிலும் தனித்துறை இருக்கிறது. நீங்கள் அனுப்பியிருக்கும் ரிப்போர்ட் படத்தில் இரண்டாம் பக்கம் இல்லை, முதல் பக்கத்திலும் கீழே விரல் மறைக்கிறது. மாதிரி எண்ணும் எந்தெந்த எக்ஸான் (ஜீனின் பகுதி) விடுபட்டிருக்கிறது என்பதும் அங்கேதான் இருக்கும். முழுதாக வேண்டும். மதினியிடம் கடைசி மாதவிலக்கு எந்தத் தேதியில் தொடங்கியது என்று இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘ரெண்டு மாசம் இருக்கும்’ என்பது எட்டு வாரமா பத்து வாரமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.